எந்த எஸ்எஸ்எச்டி ஓடுகிறது? ரெக்ரெஷன் ஓட்டையை அடைத்த அனுபவம்

2024 ஜூலை 1, திங்கட்கிழமை. தூரத்திலிருந்து சர்வருக்குள் லாகின் செய்ய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் சாஃப்ட்வேரில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வுக்குழு அறிவித்தது. ஓட்டைகளைப் பட்டியலிடும் சிவிஇ வரிசையில் அதன் எண் சிவிஇ-2024-6387, அவர்கள் வைத்த பெயர் ரெக்ரெஷன். பாஸ்வேர்டு தெரியாத, கீ இல்லாத, இன்னும் லாகினே செய்யாத ஒருவர் வெளியிலிருந்து வந்து ரூட் (சர்வரில் எதையும் செய்யக்கூடிய) அதிகாரத்தோடு உள்ளே போய்விட முடியும். லினக்ஸ் சர்வர் பார்த்துக்கொள்ளும் எவருக்கும் வயிற்றைக் கலக்க அந்த ஒரு வரி போதும். பாதிக்கப்பட வாய்ப்புள்ள சர்வர்கள் இணையத்தில் 1.4 கோடிக்கு மேல் இருப்பதாக இணையத்தில் தெரியும் சர்வர்களைத் தேடித் தரும் ஷோடன், சென்சிஸ் தளங்களை வைத்து அவர்களே கணக்குச் சொன்னார்கள்.

கோவையில் ஒரு சின்ன டீம் நாங்கள். சில ஏற்றுமதி நிறுவனங்கள், ஒரு ஆஸ்பத்திரி, இரண்டு மூன்று மொத்த வியாபாரிகள் ஆகியோரின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறோம். அந்த வாரம் செய்த வேலையில் எது உதவியது, எதைக் கவனித்திருக்காவிட்டால் ஆபத்தாகியிருக்கும் என்பதை இங்கே எழுதுகிறேன். ஓட்டை பழையதாகிவிட்டது, ஆனால் அடைக்கும் வேலையில் கற்றது அடுத்த ஓட்டைக்கும் பயன்படும்.

முதலில் இது என்ன ஓட்டை என்று பார்த்துவிடலாம். இது புரியாமல் தற்காலிக வழி எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. எஸ்எஸ்எச்சில் ஒருவர் இணைந்துவிட்டு லாகின் செய்யாமலே இருந்தால், சர்வரில் ஓடி இணைப்புகளை ஏற்கும் எஸ்எஸ்எச்டி என்ற ப்ரோக்ராம் குறிப்பிட்ட நேரம் காத்திருந்துவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். லாகின்கிரேஸ்டைம் என்ற அமைப்பு அதற்குத்தான், வழக்கமான மதிப்பு 120 விநாடி. நேரம் முடிந்ததும் சிக்அலார்ம் என்ற சிக்னல் வரும். எஸ்எஸ்எச்டி அந்த நேரத்தில் எந்த வேலையில் இருந்தாலும் சரி, அதை அப்படியே பாதியில் விட்டுவிட்டு சிக்னலைக் கவனிக்கப் போகும். அங்கே "நேரம் முடிந்தது" என்று லாகில் (நடப்பதைப் பதியும் ஃபைலில்) எழுத சிஸ்லாக் என்ற ஃபங்ஷனைக் கூப்பிடும். பிரச்சினையே அங்கேதான். பெரும்பாலான லினக்ஸ்களின் அடிப்படையான ஜிலிப்சி லைப்ரரியில் சிஸ்லாக் தன் வேலைக்கு மெமரி கேட்கும். கணக்குப்பிள்ளை பேரேட்டில் வரவை எழுதிவிட்டுப் பற்றை எழுதுவதற்குள் கையைப் பிடித்து இழுத்து, அதே பக்கத்தில் வேறொரு கணக்கை எழுத வைத்தால் பேரேடு என்ன ஆகும்? மெமரியின் நிலையும் அதுதான். பாதி மாற்றிய நிலையில் இருக்கும் மெமரிக் கணக்கின் மேல் இன்னொரு வேலை நடக்கிறது. அந்தக் கணத்தைத் துல்லியமாகப் பிடிக்கத் தெரிந்தவர் தன் கோடை ஓட வைத்துவிடலாம். இந்தப் பகுதி ரூட் அதிகாரத்தில் ஓடுவதால் கிடைப்பதும் ரூட்தான்.

அந்தக் கணம் சுலபமாகக் கிடைத்துவிடாது. குவாலிஸ் செய்து காட்டியது 32 பிட் சர்வரில். சராசரியாகப் பத்தாயிரம் முயற்சிகள் தேவைப்பட்டன. 120 விநாடிக்கு 100 இணைப்பு என்று போட்டால் மூன்று நான்கு மணி நேரம், ஜிலிப்சி மெமரியில் எங்கே இருக்கிறது என்பதையும் ஊகிக்க வேண்டியிருப்பதால் மொத்தம் ஆறிலிருந்து எட்டு மணி நேரம். 64 பிட்டில் அவர்கள் செய்து காட்டவில்லை. இதைப் படித்ததும் "அப்ப நமக்கு அவசரமில்லை" என்று பலர் ஆறுதல் அடைந்தார்கள். எனக்கு அந்த ஆறுதல் வரவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குத் தொடங்கினால் விடியற்காலைக்குள் முடிந்துவிடும் வேலை அது. செய்வது ஒரு ஸ்கிரிப்ட், அதற்குத் தூக்கம் வராது.

இதே ஓட்டை 2006-இலேயே கண்டுபிடிக்கப்பட்டது என்பதுதான் மனதைக் குடைந்தது. மார்க் டவுட் கண்டுபிடித்தார், சிவிஇ-2006-5051 என்று எண் கொடுத்தார்கள், அடைத்தார்கள். 2020 அக்டோபரில் லாக் எழுதும் பகுதியைச் சீரமைத்தபோது, பாதுகாப்புக்காக வைத்திருந்த ஒரு நிபந்தனை வரி தவறுதலாக நீங்கிவிட்டது. அது 2021 மார்ச்சில் ஓபன்எஸ்எஸ்எச் 8.5பி1 பதிப்பாக வெளியே வந்து, 9.7பி1 வரை அப்படியே இருந்தது. இவ்வளவு கவனமாகக் கோட் எழுதுபவர்களுக்கே இது நடந்திருக்கிறது. ஓபன்எஸ்எஸ்எச்சை எழுதுபவர்களின் சொந்த ஓஎஸ்ஸான ஓபன்பிஎஸ்டி மட்டும் தப்பித்தது. சிக்னலுக்குள் கூப்பிட்டாலும் ஆபத்தில்லாத சிஸ்லாக்கை அவர்கள் 2001-இலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

வேலைக்கு வருகிறேன். முதலில் செய்தது பட்டியல் போட்டது. எந்த சர்வர், என்ன ஓஎஸ், எந்த பேக்கேஜ் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா, இணையத்தில் நேராகத் தெரிகிறதா என்று ஒரு ஷீட். உபுண்டு 22.04, 24.04 இரண்டும் பாதிப்புக்குள்ளானவை. 20.04-இல் இருப்பது ஓபன்எஸ்எஸ்எச் 8.2, அதனால் தப்பித்தது. டெபியன் 12 பாதிப்பு, 11 தப்பித்தது. ரெட் ஹேட் 9-உம் அதன் வழியில் வரும் ராக்கி 9, அல்மா 9-உம் பாதிப்பு, 8 தப்பித்தது. ஆல்பைன் லினக்ஸ் கண்டெய்னர்களில் ஜிலிப்சிக்குப் பதில் மஸ்ல் என்ற வேறு லைப்ரரி இருப்பதால் அவற்றைக் கடைசியில் வைத்தோம்.

ஒரு வியாபாரியின் பில்லிங் சர்வர் சென்ட்ஓஎஸ் 7. அதில் இருப்பது 7.4, பாதிப்பு இல்லை. "பாத்தீங்களா மேடம், பழசுன்னு சொல்லிட்டே இருந்தீங்க, பழசுதான் காப்பாத்துச்சு" என்றார் அங்கே கணக்கு பார்ப்பவர். அவர் சொன்ன நாளுக்கு முந்தைய நாள்தான், ஜூன் 30-ஆம் தேதி, சென்ட்ஓஎஸ் 7-இன் ஆதரவு முடிந்திருந்தது. அடுத்து எந்த ஓட்டை வந்தாலும் அதற்கு பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) வராது. இந்த ஒரு ஓட்டையில் தப்பித்தது வெறும் பதிப்புக் கணக்கு. இதை அவருக்கு உட்கார்ந்து விளக்கினேன். அந்த மாதமே புது சர்வருக்கு ஒப்புதல் கிடைத்தது. கிளையண்டிடம் பேச இதைவிட நல்ல நேரம் அமையாது என்பதால் சொல்கிறேன்: இப்படி ஓர் ஓட்டை செய்தியில் இருக்கும் வாரத்திலேயே பழைய ஓஎஸ் பற்றிய பேச்சை எடுத்துவிடுங்கள்.

முன்னுரிமையில் முதலிடம் பிடித்தது யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு பெட்டி. வருகைப் பதிவு மெஷினோடு பேசும் பழைய கணினி, அதில் 32 பிட் டெபியன் 12. செய்து காட்டப்பட்ட தாக்குதலுக்கு அச்சு அசலாகப் பொருந்தும் இலக்கு. முக்கியமான சர்வர்களை முதலில் எடுப்பதுதான் வழக்கம். இங்கே முக்கியத்துவத்தைவிட "எதை உடைப்பது சுலபம்" என்பதை வைத்து வரிசைப்படுத்தினோம். அதன் வழியே உள்ளே வருபவருக்கு அதே லேனில் (உள் நெட்வொர்க்கில்) ஈஆர்பி சர்வர், அதாவது நிறுவனத்தின் மொத்தக் கணக்கு வழக்கும் இருக்கிறது.

உபுண்டு, டெபியன் பேட்ச்கள் அன்றே வந்துவிட்டன. உபுண்டு சர்வர்கள் சிலவற்றில் தானியங்கி செக்யூரிட்டி அப்டேட் எங்களை முந்திக்கொண்டு வேலையை முடித்திருந்தது. ரெட் ஹேட் 9-க்கு ஓரிரு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியைக் கடத்த பரவலாகச் சொல்லப்பட்ட வழி, லாகின்கிரேஸ்டைமை 0 ஆக்குவது. 0 என்றால் நேரக் கெடுவே இல்லை, சிக்னல் வராது, ஓட்டைக்கு வேலை இல்லை.

எங்களோடு வேலை பார்க்கும் தம்பி கேட்டான்: "அக்கா, ஜீரோ எதுக்கு? 120-ஐ 20 ஆக்கிட்டா அவனுக்கு நேரம் கம்மியாயிடும்ல?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் விளைவு தலைகீழ். தாக்குபவருக்கு வேண்டியது காத்திருக்கும் நேரம் இல்லை, நேரம் முடியும் அந்தக் கணம். 20 ஆக்கினால் இரண்டு நிமிடத்தில் ஒருமுறை கிடைக்க வேண்டிய வாய்ப்பு ஆறு முறை கிடைக்கும். எட்டு மணி நேர வேலையை நாமே சுருக்கிக் கொடுத்தது போலாகிவிடும். ஓட்டை எப்படி வேலை செய்கிறது என்பதைப் படிக்காமல், பாதுகாப்பாகத் தோன்றுவதை வைத்து அமைப்பை மாற்றக் கூடாது என்று அந்த ஷீட்டின் தலைப்பிலேயே எழுதி வைத்தான். நல்ல பையன்.

0 ஆக்குவதற்கும் ஒரு விலை உண்டு. லாகின் ஆகாத இணைப்புகளுக்கு மாக்ஸ்ஸ்டார்ட்அப்ஸ் ஒரு வரம்பு வைத்திருக்கிறது, வழக்கமாக 10:30:100. பத்து இணைப்புகள் தொங்கிக்கொண்டிருந்தால் புதிதாக வருவதில் 30 சதவீதத்தைத் தள்ளிவிடும், கூடக் கூடத் தள்ளுவதும் கூடி, நூறைத் தொட்டால் எல்லாவற்றையும் மறுத்துவிடும். நேரக் கெடு இல்லாதபோது பாட்கள் (தானாக ஓடும் ஸ்கிரிப்ட்கள்) திறந்துவிட்டுப் போகும் இணைப்புகள் அப்படியே குவியும். கடைசியில் நம்மையே உள்ளே விடாது. அதனால் 0 ஆக்கிய ஒவ்வொரு சர்வரிலும் முதலில் ஃபயர்வாலில் எஸ்எஸ்எச்சின் போர்ட் 22-ஐ எங்கள் ஆபீஸ் ஐபிக்கும் கிளையண்டின் நிலையான ஐபிக்கும் மட்டும் திறந்து வைத்தோம். ஒரு சர்வரில் மட்டும் அது முடியவில்லை. விற்பனை ஊழியர்கள் மொபைல் டேட்டாவில் எஸ்எஸ்எச் மேலேயே ஓடும் எஸ்எஃப்டிபி வழியாக ஃபைல் ஏற்றுவார்கள், ஐபி மாறிக்கொண்டே இருக்கும். அங்கே பெர்சோர்ஸ்மாக்ஸ்ஸ்டார்ட்அப்ஸ் கைகொடுத்தது. ஒரே ஐபியிலிருந்து லாகின் ஆகாமல் எத்தனை இணைப்பு தொங்கலாம் என்று கட்டுப்படுத்தும் அமைப்பு அது, 8.5-இல்தான் வந்தது. மொபைல் நெட்வொர்க்கில் பல பேர் ஒரே வெளி ஐபியைப் பகிர்ந்துகொள்வார்கள் என்பதால் அதை ஒன்று என்று வைக்காமல் கொஞ்சம் தாராளமாக வைத்தோம்.

கான்ஃபிக் ஃபைலில் கவனிக்க வேண்டிய ஒன்று. எஸ்எஸ்எச்டி கான்ஃபிக்கில் ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் வருவதுதான் செல்லும். பல சாஃப்ட்வேர்களில் கடைசியில் எழுதியது ஜெயிக்கும், இங்கே அப்படி இல்லை. உபுண்டுவிலும் ரெட் ஹேட் 9-இலும் மெயின் ஃபைலின் மேலேயே ஓர் இன்க்ளூட் வரி இருக்கும், துணை ஃபோல்டரில் உள்ள ஃபைல்கள் எல்லாம் அந்த இடத்திலேயே படிக்கப்பட்டுவிடும். மெயின் ஃபைலின் அடியில் நாம் எழுதுவது எடுபடாமல் போக வாய்ப்பு அதிகம். அதனால் எங்கள் மாற்றத்தைத் துணை ஃபோல்டரில் 00 என்று தொடங்கும் ஃபைலில் போட்டோம். போட்டதோடு விடாமல், எஸ்எஸ்எச்டியைப் பெரிய டி ஆப்ஷனோடு ஓட்டி, எல்லா ஃபைலையும் படித்த பிறகு என்ன மதிப்பு மிஞ்சுகிறது என்று பார்த்தோம்.

அப்படிப் பார்க்கும்போதுதான் வேறொன்று தெரிந்தது. ஒரு கிளவுட் சர்வரில் மெயின் ஃபைலில் பாஸ்வேர்டு லாகின் "நோ" என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பெரிய டி காட்டும் பதிலில் "எஸ்". துணை ஃபோல்டரில் 50-கிளவுட்-இனிட் என்ற ஃபைல் உட்கார்ந்துகொண்டு அதைத் திறந்து வைத்திருந்தது. கிளவுட் இமேஜோடு வந்த ஃபைல். ரெக்ரெஷனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பத்தாயிரம் முயற்சி தேவைப்படும் ஓட்டையைவிட, பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்க விடும் இதுதான் தினசரி ஆபத்து. உங்களிடம் கிளவுட் சர்வர் இருந்தால் இன்றைக்கே அந்தப் பெரிய டி-யை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

நாம் உள்ளே வந்த வழியையே நாம் சரிசெய்துகொண்டிருக்கிறோம் என்பதால் இந்த வேலையில் ஒரு தனிப் பயம் உண்டு. ஆஸ்பத்திரி சர்வர் வேறொரு ஊரில், டேட்டா சென்டரில் இருக்கிறது. வெளியே மாட்டிக்கொண்டால் ராத்திரியில் ஓடிப் போய் மானிட்டர் மாட்ட முடியாது. "மேடம், ஓபி பில்லிங் நிக்காதுல்ல?" என்று அங்கிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. நாங்கள் கடைப்பிடித்த வரிசை இது. முதலில் வெப் கன்சோல் (எஸ்எஸ்எச் இல்லாமல் பிரவுசரிலேயே சர்வரின் திரையைக் காட்டுவது) வழியாக உள்ளே போக முடிகிறதா, அதற்கான பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு எஸ்எஸ்எச்சில் ஒரு டெர்மினலைத் திறந்து, அதை மூடாமல் ஓரமாக வைத்துவிடுவோம். பழைய கான்ஃபிக்கை நகல் எடுத்து, பத்து நிமிடம் கழித்து அது தானாகத் திரும்பி எஸ்எஸ்எச்டி ரீஸ்டார்ட் ஆகும்படி சிஸ்டம்டி-ரன்னில் ஒரு டைமர் வைப்போம். மாற்றத்தைச் செய்து, சின்ன டி ஆப்ஷனில் எழுத்துப் பிழை சோதித்து, அப்புறம்தான் ரீஸ்டார்ட். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் ரீஸ்டார்ட்டில் அறுவதில்லை. இது ஒரு வசதி, அதுவே ஏமாற்றவும் செய்யும். பழைய டெர்மினல் ஓடுவதை வைத்து எல்லாம் நலம் என்று முடிவு செய்யக் கூடாது. புதிதாக இன்னொரு டெர்மினலில் லாகின் செய்து, அது உள்ளே போன பிறகுதான் டைமரை நிறுத்துவோம், பழையதை மூடுவோம்.

அப்டேட் எல்லாம் முடிந்தது, ஷீட்டில் எல்லா வரியும் பச்சை. அதற்குப் பிறகு செய்த ஒரு சோதனைதான் இந்த அனுபவத்திலேயே எனக்கு முக்கியமானது. பேக்கேஜ் மேனேஜர் சொல்வதை விட்டுவிட்டு, ஒவ்வொரு சர்வரிலும் எந்தெந்த போர்ட்டில் யார் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எஸ்எஸ் கமாண்டில் பார்த்தோம். ஒரு சர்வரில் எஸ்எஸ்எச்டி இரண்டு இடத்தில் வந்தது. 22-இல் ஒன்று, 2222-இல் இன்னொன்று. ஓடும் ப்ராசஸ்களின் விவரம் இருக்கும் ப்ராக் ஃபோல்டரில் அந்த இரண்டாவது ப்ராசஸின் எக்ஸ்இ லிங்க் எங்கே போகிறது என்று பார்த்தால், யூஎஸ்ஆர் ஸ்லாஷ் லோக்கல் ஸ்லாஷ் எஸ்பின், பேக்கேஜ் மேனேஜர் தொடாத இடம். நெட்கேட்டில் அந்த போர்ட்டைத் தட்டியதும் பதில் வந்தது: ஓபன்எஸ்எஸ்எச் 8.8.

சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்த ஒரு வெண்டார், ஃபைல் வாங்குவதற்காக சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து தனியாக ஓட விட்டிருந்தார். ஏபிடி என்ற பேக்கேஜ் மேனேஜருக்கு அது இருப்பதே தெரியாது. எத்தனை முறை அப்டேட் போட்டாலும் அதைத் தொடாது. பதிப்பு என்ன என்று கமாண்டில் கேட்டாலும் பேட்ச் போட்ட பதிப்பைத்தான் காட்டும். ஃபயர்வாலில் 2222 உலகத்துக்கே திறந்திருந்தது. வெண்டாரிடம் பேசி, அந்த யூசரைச் சாதாரண எஸ்எஸ்எச்டிக்குள், தன் ஃபோல்டரைத் தாண்ட முடியாதபடி சிஎச்ரூட் போட்டு மாற்றினோம். 2222 மூடப்பட்டது.

ஓட்டை அடைக்கப்பட்ட புதுப் பதிப்பு 9.8பி1. அந்த வாரம் "9.8பி1-ஐ சோர்ஸிலிருந்து கம்பைல் செய்துவிடுங்கள்" என்ற ஆலோசனை எங்கே பார்த்தாலும் இருந்தது. நான் அதை ஏற்கவில்லை, இன்றும் ஏற்க மாட்டேன். கையால் கம்பைல் செய்தது அடுத்த ஓட்டையின்போது அந்த 2222 போலத்தான் நிற்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. 9.8-இல் எஸ்எஸ்எச்டியை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். லாகின் தொடர்பான லாக் வரிகளில் சில எஸ்எஸ்எச்டி-செஷன் என்ற பெயரில் வரும். லாகைப் பார்த்து ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேனில், பழைய பெயரை நம்பியிருக்கும் விதிகள் சத்தமில்லாமல் வேலை செய்வதை நிறுத்திவிடும்.

ஆனால் டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் போன்றவை) தரும் பேட்சை நம்பினால் ஆடிட்டில் ஒரு கேள்வி வரும், தயாராக இருங்கள். டெபியனும் உபுண்டுவும் பதிப்பு எண்ணை உயர்த்துவதில்லை, பழைய பதிப்பிலேயே திருத்தத்தைச் சேர்த்துவிடுவார்கள். டெபியன் 12-இல் திருத்தம் வந்த பிறகும் அது 9.2பி1 தான், அப்போது வாலில் டெப்12யு3 என்று சேர்ந்திருந்தது. ஏற்றுமதி நிறுவனத்துக்கு வந்த ஆடிட்டரின் ஸ்கேனர் 9.2-ஐப் பார்த்ததும் சிவப்பு அடித்துவிட்டது. "ரிப்போர்ட்ல க்ரிட்டிக்கல்னு வருதுங்க, 9.8 இருந்தாத்தான் க்ளோஸ் பண்ணுவோம்" என்றார்கள். கோபப்பட இதில் ஒன்றுமில்லை, அவர்கள் கையில் இருக்கும் கருவி அவ்வளவுதான் சொல்லும். பேக்கேஜின் சேஞ்ச்லாகில் அந்த சிவிஇ எண் இருக்கும் வரி, டெபியனின் அதிகாரபூர்வ அறிவிப்பு, போர்ட்டைத் தட்டினால் பதிலாக வரும் பேனரின் முழு வரி, மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்து அனுப்பினோம். மூடிவிட்டார்கள். அந்தப் பக்கம் இப்போது எங்கள் டெம்ப்ளேட்.

யாராவது முயன்று பார்த்தார்களா என்று லாகிலும் தேடினோம். தேட வேண்டியது "டைம்அவுட் பிஃபோர் ஆதென்டிகேஷன்" என்ற வரி. இணையத்தில் தெரியும் எந்த சர்வரிலும் அது கொஞ்சம் இருக்கும், பாட்கள் தட்டிவிட்டுப் போவதால். ஒன்றிரண்டு கண்டு பதற வேண்டாம். ஒரே ஐபியோ சில ஐபிகளோ, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அலை அலையாக, கொத்துக் கொத்தாக, மணிக்கணக்கில் வந்திருந்தால் அது வேறு விஷயம். எங்கள் லாக்களில் அப்படி ஒன்று தெரியவில்லை. லாக் இரண்டே வாரத்தில் அழியும்படி இருந்த சர்வர்களில் மட்டும் அதற்கு முந்தைய காலத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியவில்லை. அவற்றில் இப்போது மூன்று மாதம் வைக்கிறோம்.

பேட்ச் வந்த பிறகு அந்த 0 வரியை நீக்குவதும் வேலையின் ஒரு பகுதிதான். தற்காலிகமாக வைத்தது யாருக்கும் ஞாபகமில்லாமல் வருடக்கணக்கில் தங்கிவிடும். 00 ஃபைலின் முதல் வரியிலேயே எந்த சிவிஇ-க்காக, எந்தத் தேதியில், எந்த பேக்கேஜ் பதிப்பு வந்ததும் நீக்க வேண்டும் என்று கமெண்ட் எழுதியிருந்தோம். 2020-இல் நீங்கிய அந்த நிபந்தனையைப் படித்த பிறகு, ஏன் இருக்கிறது என்ற காரணம் இல்லாத எந்த வரியையும் கான்ஃபிக்கில் விட எனக்கு மனம் வருவதில்லை.

ஜூலை 8-ஆம் தேதி இன்னொன்று வந்தது, சிவிஇ-2024-6409. சோலார் டிசைனர் என்று அறியப்படும் அலெக்சாண்டர் பெஸ்லியாக் கண்டுபிடித்தது. அதே வகை ஓட்டை, அதிகாரம் குறைந்த துணை ப்ராசஸில். ரெட் ஹேட் 9 குடும்பத்தையும் பழைய ஃபெடோரா சிலவற்றையும் மட்டும் தொட்டது. ஷீட் இருந்ததால் எந்தெந்த சர்வர் என்று பார்க்க நேரமே ஆகவில்லை. அன்று சாயங்காலம் தம்பி தனியாகவே உட்கார்ந்து, ராக்கி சர்வர்களில் அதே வரிசையில் அந்த 00 ஃபைலைத் திரும்பப் போட்டான். பேட்ச் வந்ததும் நீக்கினான்.

கடைசியாக ஒன்று, இது இன்றைக்கும் கடிக்கக்கூடியது. ஸ்னாப்ஷாட்கள் (சர்வரின் ஒரு நாளைய நிலையை அப்படியே எடுத்து வைத்த நகல்கள்), விஎம் டெம்ப்ளேட்கள், பேக்கப் இமேஜ்கள். ஓடும் சர்வரை எல்லாம் திருத்திவிட்டு, மே மாதத்து ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒன்றைத் திரும்ப எழுப்பினால் பழைய எஸ்எஸ்எச்டியும் கூடவே எழுந்து வரும். எங்கள் டெம்ப்ளேட்களைப் புதிதாகக் கட்டினோம். ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுப்பும் எதையும் ஃபயர்வாலில் 22 மூடிய நிலையில்தான் எழுப்புகிறோம். கன்சோல் வழியாக அப்டேட் போட்டு, எஸ்எஸ் கமாண்டில் யார் எந்த போர்ட்டில் இருக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் போர்ட்டைத் திறக்கிறோம்.